மேல் துளை

காரமடை யார்டில் வார்த்த சுவர்கள்
நான்கு நாளாய் மலை ஏறுகின்றன.
லாரியில் நின்றபடியே, சங்கிலி கட்டி,
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் மூச்சு வாங்கி.
கோத்தகிரியில், டானிங்டன் தாண்டிய சரிவில்,
கிரேன்காரர் செங்கோடன் அவற்றை இறக்குகிறார்
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல.

கீழ்ச்சுவரின் கம்பி
மேல்சுவரின் குழலுக்குள் நுழையும்.
கீழ்த் துளையில் கிரவுட்டை அழுத்தினால்
மேல் துளையில் வழிய வேண்டும்.
வழியும்வரை நில். வழிந்தபின் அடை.
பூகம்பத்தைப் பற்றி
என் கைக்குத் தெரிந்தது இவ்வளவே.

டிசைன் ஆபீஸில் சொல்வார்கள்:
நிலம் ஆடும்போது இணைப்பு
விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது.
கல்யாணப் பத்திரிகையில் போடலாம் சார், என்றேன் ஒருமுறை.
யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை, ஆறு டிகிரி.
பதினேழாம் சுவர், நான்காம் குழல்.
பம்ப் இருமியது.
'வந்துருச்சு மேடம்' என்றான் பிபின் நாயக்.
மூட்டத்தில் துளை சாம்பல் நிறமாய், ஈரமாய்.
டீ டம்ளர் ஒரு கையில்;
மறு கையால் டிக் போட்டேன்.
போ. பிரமிளா, தள மேற்பார்வை.

மூட்டத்தில் எதுதான் ஈரமில்லை?

இரண்டு இரவு இதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன்.
செவ்வாய் விடியலில் ஒரு சைக்கிள் ஆரக்கம்பி.
பிஸ்கட் கனத்துக்குப் பூச்சு, உடைந்தது.
பின்னால் ஒன்றுமில்லை.
ஆரக்கம்பி உள்ளே போய்ப் போய்
இன்னொரு கம்பியில் முட்டியது.
டிங்.

'நானூறில் ஒண்ணு மேடம்' என்றார் மேனேஜர்.
'இந்த மலை என்னிக்கு ஆடிச்சு?'
ஆடிப் பார்த்ததில்லை.
ஐப்பசி மழையில் ஒரு வளைவே இறங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.
அதற்கு முந்தின நாளும்
அது அசையாமல்தான் இருந்தது.
மேலே நூற்றெட்டு கட்டில் வரப்போகிறது,
இரவுப் பணி முடித்துப்
பகலில் தூங்கும் நர்ஸுகளுக்கு.

மூன்றாம் மாடி நின்றது.
டிசைன் ஆபீஸ் வழி சொன்னது, திட்டியும் தீர்த்தது.
யார் பூசியது என்று நான் கேட்கவில்லை.
டிக் என்னுடையது.

புதன்கிழமை.
பிபின் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கிரவுட் கலக்கினான்.
மெல்லிய டியூபைக் குழலின் அடிவரை இறக்கி
மெதுவாக, மெதுவாக.
இருவரும் துளையையே பார்த்தோம்.
வரவில்லை.
செங்கோடன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.
வரவில்லை.
தேயிலைச் சரிவில் மருந்து அடிக்கும் சத்தம்.
பிறகு, டியூபைச் சுற்றித் தடித்த சாம்பல் நாக்கு.

அடைக்கட்டுமா என்றான்.
இரு, என்றேன்.
என் பூட்ஸ்மேல் சொட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய டிக்குகளில்
இன்னும் பதினொன்று பாக்கி.
ஆரக்கம்பியைத் துடைத்துக்கொண்டு
பதினெட்டாம் சுவருக்கு நடந்தோம்.