பதினைந்து குதிரைகள்

டேட்டன், ஒஹையோ. அறுபத்தொன்பது, ஜூன்.
திங்கள் முதல் வெள்ளிவரை
ஹேவர்காம்ப் இன்ஷூரன்ஸில் நான் தட்டச்சர்.
என்ன கார், எத்தனை குதிரைசக்தி,
ஓட்டுகிறவன் இருபத்தைந்துக்குக் கீழா மேலா,
கூட்டிப் பெருக்கி பிரீமியம் போடுவது நான்.
கையெழுத்து ஹேவர்காம்ப்.

என் கணக்கு டெட்ராய்ட்காரர்களுக்கும் தெரியும்.
அதனால்தான்
நானூறுக்கு மேல் உதைக்கிற என்ஜினைப் பூட்டிவிட்டு
முந்நூற்று முப்பத்தைந்து என்று
அடக்கமாக அச்சடித்து அனுப்புகிறார்கள்,
வரிக்காரனிடம் வருமானம் சொல்வதுபோல்.

அப்படி ஒன்று எங்கள் கொட்டகையில் நிற்கிறது.
சாம்பல் நிறம். இரண்டு கதவு.
காலையில் கிளப்பினால்
பக்கத்து வீட்டு மிஸஸ் ஓட்டிங்கரின் ஜன்னலில்
பூந்தொட்டிகள் நகரும்.
தவணை கட்டுவது தம்பி க்ளைட்,
கிளட்ச் மிதிப்பது நான்.
அவன் கால் கனம்;
என் கால் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை, பழைய விமான ஓடுதளம், கால் மைல்.
முதலில் தராசு.
எடையைக் குதிரையால்
வகுத்தால் வருவதுதான் வகுப்பு.
ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதிவிடுவார்கள்.
வகுப்புக்கென்று ஒரு நேரம் உண்டு.
அதை ரொம்ப மிஞ்சினால்
மேலிடத்திலிருந்து கடிதம் வரும்:
உங்கள் காகிதம் குறைத்துச் சொல்கிறது,
குதிரைகளைக் கூட்டியிருக்கிறோம்.

ஆகவே நாங்கள் எல்லோருமே
ஆயிரம் அடிவரை பறந்துவிட்டு
மிச்சத்தில் காலைத் தூக்கிவிடுகிற ஆட்கள்.
எதிராளிக்கு ஒரு பம்பர் முன்னால் போதும்.
எவ்வளவு ஓடும் என்று
ஒருவருக்கும் காட்டாமல் ஜெயிக்க வேண்டும்.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஏழு வருடமாக
ஹேவர்காம்புக்கு எதிர்மேசை.

அன்று கடைசிச் சுற்று.
பக்கத்துத் தடத்தில் லைமா ஊர் ஆர்வில் பெட்ச்,
சிவப்பு வண்டி.
நல்ல மனிதர்தான். காலையில் காப்பி கொடுத்தார்,
"தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்றும் கேட்டார்.

மஞ்சள், மஞ்சள், மஞ்சள், மஞ்சள்,
ஐந்தாவது மஞ்சள் அணையும் முன்பே
என் இடது கால் போய்விட்டது.
இரண்டாவது கியரில் சிவப்பு என் தோளருகே.
மூன்றாவதில் என் முதுகுக்குப் பின்னால்.
ஆயிரம் அடிக் கம்பம் வந்தது.
வழக்கமாக அங்கே
இருமுவதுபோல் ஒரு சின்னத் தளர்வு கொடுப்பேன்.

கொடுக்கவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது.
காப்பி நன்றாகவே இருந்தது.
கம்பம் வந்தது, போனது, அவ்வளவுதான்.
கார் முதல்முறையாக
வாக்கியத்தைக் கடைசிவரை பேசி முடித்தது.

பன்னிரண்டு புள்ளி எட்டு ஒன்று.

ஒலிபெருக்கிக்காரன் எண்ணை இரண்டு முறை படித்தான்.
க்ளைட் தொப்பியைத் தரையில் அடித்தான்,
சந்தோஷத்தில் இல்லை.
சோதனைக்காரர் மெர்ல் ஸூர்க்கர்
சிலிண்டர் தலையைக் கழற்றி,
குழிக்குள் திரவம் ஊற்றி அளந்து,
வால்வுக்கு வால்வு கருவி வைத்துப் பார்த்து,
ராத்திரி ஒன்பது மணிக்குக் கை துடைத்தார்.
"எல்லாம் ஆலையில் வந்தபடியே," என்றார்.
ஏமாற்றம்போல்தான் இருந்தது குரல்.

மூன்றாம் வாரம் கடிதம்.
பதினைந்து குதிரைகள் கூடுதல்.
இனி அதே வகுப்பில் நிற்க
டிக்கியில் நூற்றைம்பத்தேழு பவுண்டு மணல் வேண்டும்.
"ஒரு முந்நூறு அடி, உன்னால்
காலைத் தூக்க முடியவில்லையா?"
மூட்டை கட்டும்போதெல்லாம் க்ளைட் கேட்கிறான்.
கடிதம் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது.
பால் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.
என் பெயரை இரண்டு எழுத்துப் பிழையோடு
அடித்திருக்கிறான் யாரோ ஒரு தட்டச்சன்.

இன்று மதியம் புதுப்பிக்க வந்த கோப்புகளில்
எங்கள் சாம்பல் வண்டியும் இருந்தது.
குதிரைசக்தி என்ற கட்டத்தில்
விரல் கொஞ்சம் நின்றது.
மேலிடத்துக் கணக்கு முந்நூற்று ஐம்பது.
ஆலைக் கணக்கு முந்நூற்று முப்பத்தைந்து.
உண்மைக் கணக்கு எனக்கும் ஓடுதளத்துக்கும் தெரியும்.

ஆலைக் கணக்கையே அடித்தேன்.
உருளையிலிருந்து தாளை உருவி
கையெழுத்துக்கு நீட்டினேன்.
படிக்காமல் போட்டார்.
"வேறென்ன, ரொவீனா?"

சம்பளத்தைப் பற்றி, என்றேன்,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.