குறிப்பு: வேறு ஏதும் இருப்பின்

களுவாஞ்சிகுடிக் கராஜில்
பொலிஸ் ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே
மல்லாந்து கிடந்தேன்.
சப்பாத்து இரண்டு வந்து நின்றன.

"பாஸ், கொழும்பில இருந்து ஒரு போர்ம்.
புது வாகனம் எடுக்கப் போறாங்களாம்.
எது நல்லம் எண்டு எங்கட ஸ்டேசன்ட கருத்துக் கேக்குறாங்க."

சார்ஜன் ஹேவகே. முப்பது தாண்டியிருக்காது.
மஹியங்கனைப் பொடியன்.
தமிழை இங்கேதான் பொறுக்கினான்,
அதனால் 'மறுகா' என்பான், 'கிறுகி வாங்க' என்பான்,
கோபத்துக்கு மட்டும் சிங்களம்.

போனில் உலகத்தைக் காட்டினான்.
கிறீஸ் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
துபாய்ப் பொலிசுக்கு லம்போகினி:
அங்கே கள்ளன் கால்நடையாய் ஓடமாட்டான் போல.
இத்தாலிக்காரனும் ஒன்று வைத்திருக்கிறான்,
முன்பெட்டியைக் குளிராக்கி
ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவரிடம் கொண்டோட.
அந்தப் படத்துக்கு மட்டும்
இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
ஜெர்மன்காரனுக்கு பி.எம்.டபிள்யூ, அது அவன் வீட்டுச் சோறு.
ஜப்பானுக்கு கிரவுண்.
அமெரிக்கனுக்கு
மூக்கில் இரும்புக் கொம்பு பூட்டிய போர்ட்.

எங்களுக்கு?
கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று
இரண்டு வருசத்தில் அடித்தகட்டைப் பப்படமாக்கும்.
படுவான்கரைப் பக்கம் மார்கழியில்
றோட்டெது வயலெது என்று
வக்கடை கட்டினவனுக்குத்தான் தெரியும்.
போன மாரியில் வெல்லாவெளிக்கு அங்கால
இதே ஜீப் சேற்றில் புதைய,
கசிப்புக்குத் தேடப்பட்டவனே
உழவு மெசின் கொண்டுவந்து இழுத்துவிட்டான்.
மறுகா பிடித்தீர்களா என்றேன்.
"எப்படிப் பாஸ்? கயிறு அவர்ர தானே."

எழுது, என்றேன்.
நாலு சில்லும் இழுக்க வேணும்.
காற்று உறிஞ்சும் குழாய் கூரைக்கு மேலே வேணும்.
பாட்ஸ் கல்முனையில் கிடைக்க வேணும்,
கொழும்புக்கு ஓடர் கொடுத்துவிட்டுக்
கள்ளனைக் காத்திருக்கச் சொல்ல ஏலாது.
"பற்றரியில ஓடுறது?"
இரவில் யானைக்குச் சத்தம் கேட்க வேணும், தம்பி.
டீசல் எழுது.

கடைசிக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
குறிப்பு: வேறு ஏதும் இருப்பின்.

தொண்ணூறில் எனக்குப் பதினேழு.
லாண்ட்ரோவர். இரண்டாம் கியரில் ஒரு முனகல்,
கேட்டால் ஒழுங்கை முழுக்க விளக்கணையும்.
பின்னால் என்னோடு மூன்று பேர்,
ஒருவன் என் வகுப்பு, பௌதிகத்தில் கெட்டிக்காரன்.
கல்லாற்றுப் பாலம் வந்தபோது
இருட்டில் கதவைத் தடவினேன்.
தகரம். ஆணித்தலை. தகரம்.
பிடி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை.
விரலை உள்ளே விட்டபடியே
பாலம் முடியும்வரை போனேன்.
மூன்றாம் நாள் விட்டார்கள்.
என்னை.

"பாஸ், என்ன எழுத?"
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு நின்றான்.
அந்த வருசம் அவன் அம்மா
வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடம் போயிருப்பா.

ஜீப்பின் பின்கதவைத் திறந்து காட்டினேன்.
அதே இடத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி.
"கைதி பாயாமலுக்கு, பாஸ்."
தெரியும்.
உழவு மெசின் வர முந்தி
தண்ணி சீட்டுக்கு வந்தால்?

ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான்.
சாத்தச் சொன்னான்.
சாத்தினேன்.
கண்ணாடிக்குள் முழங்கை மட்டும் தெரிந்தது,
அசைந்து, நின்று, திரும்ப அசைந்து.
நான் உடனே திறக்கவில்லை.
பத்து எண்ணியிருப்பேன்.
கூடவும் இருக்கலாம்.

வெளியே வந்தவன் பொனற்றில் தாளை வைத்துச்
சிங்களத்தில் ஒன்றரை வரி எழுதினான்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

பிறேக் தேய்ந்து கிடக்கு,
நாளைக்குப் பின்னேரம் வா, என்றேன்.