நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

பிழை என்னுடையது.
வட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் இரண்டு வரி இடம்மாறி
தேற்றாவின் பெயர் எட்டிக்குப் போனது,
எட்டியின் பெயர் தேற்றாவுக்கு.
நூற்றுப் பன்னிரண்டு பலகை, மூன்று மொழி,
மத்திய வீதிக் கடையில் இரவிரவாய் வெட்டி ஒட்டியது.
நான்கு மாதம் கழித்து
யதுஷா என்றொரு மாணவி கோல் எடுத்தாள்:
"அக்கா, உங்கட போர்ட் ரெண்டு ஆள்மாறி நிக்குது.
ஒண்டு தண்ணியைத் தெளிய வைக்கும்.
மற்றது ஆளை முடிக்கும்."

நிலாவெளி பஸ்ஸில் போனேன்.
பையில் திருப்புளி.
மடியில் கனம் இருந்தது, வழி முழுக்கப் பயம்.
சாம்பல்தீவுப் பாலத்தில் ஒருவன் வலை உதறிக்கொண்டிருந்தான்.
யாராவது ஒரு பிள்ளை,
பரீட்சைக்காக எல்லாப் பலகையும் பாடமாக்கிய பிள்ளை,
வீட்டுக் குடத்தின் உட்புறத்தில்
என் எழுத்தை நம்பி ஒரு கொட்டையை உரசியிருந்தால்?

வளாகத்து மூலிகைத் தோட்டம்
கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறது.
வாசலில் செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன்.
சிரித்தார்கள். முள்ளுக் குத்தும், போட்டுக்கொண்டே வாங்கோ.
ஆடாதோடை, நொச்சி, சிறுகுறிஞ்சா,
பூனைமீசைச் செடியடியில் ஒரு நிஜப் பூனை.
ஒவ்வொன்றின் முன்னும் நான் ஒட்டிய எழுத்து,
வெயிலில் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது.

நாற்பத்தொன்று வேலியோரம்.
வளாகம் வருமுன்பே நின்ற மரமாம்.
நெஞ்சுயரத்தில் ஒரு முள்ளுக்கம்பி
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவருகிறது.
நடுவில் இருந்ததை மரம் விழுங்கிவிட்டது.
பெயர், குடும்பம், பயன் என்று மூன்று வரி வைத்திருந்தேன்.
கம்பிக்கு வரி இல்லை.

நாற்பத்திரண்டில் தோடம்பழ நிறத்தில் காய்கள்.
எட்டி பழுத்து யாருக்கு லாபம் என்பது பழமொழி.
மேலே ஒரு மந்தி
சதையைச் சப்பிக் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது,
பலகை படிக்காமல், பழமொழியும் கேளாமல்.

தண்ணீர் விடும் சரத்சந்திர, கந்தளாய்க்காரர்,
முதல் நாளே தெரியும் என்றார்.
ஏன் சொல்லவில்லை?
"ஒருத்தரும் கேக்க இல்ல.
போர்ட் பெரிய ஆக்கள் போட்டது தானே."
என் உள்ளங்கையில் இரண்டு கொட்டை வைத்தார்.
ஒன்று சட்டைப் பொத்தான் போலத் தட்டை, மேலே பட்டுமயிர்.
மற்றது உருண்டை.
கண்ணை மூடினாலும் பிழைக்காது.

எட்டுத் திருகாணி, எட்டிலும் துரு.
இரண்டு பலகையும் என் கக்கத்தில் இருந்த கொஞ்ச நேரம்
அவை வெறும் மரம்.
அடியிலிருந்தே நரம்பு பிரியும் இலை
இதற்கும் அதற்கும்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.
காற்று வந்தது.
யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

பிறகு மாட்டினேன்.
ஒருவரும் உரசிக் குடிக்கவில்லை என்று
வகுப்பெல்லாம் விசாரித்து யதுஷா சொன்னாள்.
பஸ் காசு தரப் பார்த்தாள். வேண்டவில்லை.

அடுத்த நாள் கடைக்கு ஒருவர் வந்தார்.
கேற்றுக்குப் பெயர்ப்பலகை, கறுப்பில் பொன்னெழுத்து.
மாதிரி எடுத்துக் காட்டினேன்.
எழுத்தெல்லாம் சரி என்றார்.
வீடும் சரிதானே,
என்று என் வாயில் வந்துவிட்டது.
அவர் என்னைப் பார்த்தபடி
பேனை மூடியைக் கழற்றினார், பூட்டினார்,
திரும்பக் கழற்றினார்.