மூன்று தலைகள்

விரைவுப் பாதையில் போக ஒரு காருக்கு மூன்று தலைகள் வேண்டும்.
ஓட்டுபவரிடம் ஒன்று இருக்கிறது.
மீதி இரண்டும்
ஹார்னர் சாலை வண்டித் திடலில்
இருட்டோடு இருட்டாக வரிசையில் நிற்கும்.
அதில் ஒன்று என்னுடையது.

கார் ஊர்ந்து வரும். கண்ணாடி இறங்கும்.
"பென்டகன். ரெண்டு பேர்."
அறிமுகம் முடிந்தது.

பேச்சை ஓட்டுபவர்தான் தொடங்கலாம்.
வானொலியும் ஹீட்டரும் அவருடையவை.
உனக்கு உன் மடி இருக்கிறது, அதில் உன் பை,
ஒரு பக்கத்து ஜன்னல்.
தேர்தல், தேவாலயம் இரண்டும் வேண்டாம்;
வரிசையில் பாதிப்பேருக்கு
அரசாங்கம்தான் படியளக்கிறது.
வெங்காயம் வைத்த ரொட்டியை வீட்டிலேயே முடித்துவிடு.
கதவை அறையாதே.

முதல் வாரம் இதெல்லாம் தெரியாமல்
சீட்டில் இரண்டு டாலரை வைத்துவிட்டு இறங்கினேன்.
சிவப்பு வேன்காரப் பெண் அதை
செத்த எலியைத் தூக்குவதுபோல்
இரு விரலால் தூக்கி
ஜன்னல் வழியே நீட்டினாள்.
பின்னால் பத்து வண்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒருநாள்
வரிசையில் நானும், தூபா தொப்பிக்காரர் ஒருவரும் மட்டும்.
வந்த காரில் ஒரு இடம்தான்.
முறை அவருடையது. அவர் ஏறவில்லை.
இருட்டில் பெண்ணைத் தனியே விட்டுப் போகக் கூடாது.
ஆறடி தள்ளி நின்று கைகளை ஊதிக்கொண்டிருந்தார்,
என் பக்கம் திரும்பாமல்.
நின்றதைக் காட்டிக்கொள்ளாததும் விதியில் சேர்த்திதான்
என்று அன்று புரிந்தது.

இனி அந்தச் சாம்பல் நிற ப்யூக்.

ஓட்டுபவர் பெயர் யாருக்கும் தெரியாது.
பின்சீட்டுக் கொக்கியில் சலவைக்கடைச் சீட்டு:
டபிள்யூ. ஹாலரன், இரண்டு சட்டை, கஞ்சி வேண்டாம்.
இறுக்கிய டை. படிய வாரிய நரை.
மார்ச்சில் முன்சீட்டு எனக்கு வாய்த்தபோது
பெடல் மேல் இருந்த கால்களைப் பார்த்தேன்:
கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு,
படுக்கையறையில் போடுவது.

பென்டகனில் இறங்கியவள் குடையை மறந்து திரும்பினேன்.
ப்யூக் நிறுத்துமிடத்துக்குப் போகவில்லை.
வளைவைச் சுற்றி
தெற்கே திரும்பும் சாதாரணப் பாதையில்
ஒற்றைத் தலையோடு போய்க்கொண்டிருந்தது.
அந்தப் பாதைக்கு ஒன்று போதும்.

வேலை விட்டுப்போயிற்றா,
வேலையை அவர் விட்டாரா,
சட்டைக்குக் கஞ்சி வேண்டாம் என்று
யார் சொல்லிப் பழக்கியது,
கேட்கலாமா?
கேட்கக் கூடாது. அவர் தொடங்கவில்லையே.

என்னோடு இறங்கியவள் நிகோலெட்,
அடையாள அட்டையில் படித்த பெயர்.
அவளும் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை
யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.
ப்யூக் வந்தால் காலியாகப் போவதில்லை, அவ்வளவுதான்.
ரோஸ்லின் போக நிற்பவர்கூட
"பென்டகன்" என்றதும் ஏறிக்கொள்வார்,
மீதி தூரத்துக்கு மெட்ரோவில் காசு கொடுத்து.
தூபா தொப்பிக்காரர் இருமுறை ஆபீசுக்குத் தாமதம்.
ஒருநாள் வரிசையில் மூன்றே பேர், பின்னால் நான்கு கார்கள்,
முன்னே புத்தம்புது வோல்வோ, சூடாக்கிய சீட்டுகளோடு.
நிகோலெட் கீழே குனிந்து
கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்,
ப்யூக்கின் முறை வரும்வரை.

நேற்று அவர் தொடங்கினார்.
"குளிருதா?"
"இல்லை."
நாற்பது நிமிடத்தில் அவ்வளவுதான் பேச்சு.
ஆற்றுப் பக்கம் வெளிச்சம் வந்தபோது
வானொலியைக் கொஞ்சம் குறைத்தார்.

இறங்கி, நன்றி சொல்லி, கதவை மெதுவாகச் சாத்தினேன்.
மிக மெதுவாக. கோட்டு வார் மாட்டிக்கொண்டது.
கண்ணாடியைத் தட்ட வேண்டியதாயிற்று.
பின்னால் ஹாரன்கள்.
ஹாலரன் சாய்ந்து கதவைத் திறந்தார்,
வாரை எடுத்து என் கையில் கொடுத்தார்.
"நாளைக்கு மழையாம்," என்றார்.
"குடையை மறந்துடாதீங்க."