இடது பின் சக்கரம்

இரவு ஷிஃப்டில் என் வேலை
அரிசியில் பாதி அளவுச் சில்லுகளைப் பார்ப்பது.
நுண்ணோக்கியில் முடியளவு கீறல் தெரிந்தால்
சிவப்புத் தட்டு.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
வருத்தம் எழுதக் கட்டம் இல்லை.

காலையில் பாயான் லெப்பாஸிலிருந்து வந்து
தூங்காமல்
ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் கார் நிறுத்தத்தில்
அட்டைப் பெட்டியை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே செங்கல்மேல் இடுப்பைச் சாய்த்து
என் புரோட்டோன் வீரா.
முன்னால் கழற்றிப் போட்ட ரிம்.

"எழுநூறு வெள்ளிக்குப் புது செட்டே கிடைக்குமே"
என்றார் வீட்டுக்காரர்.
எழுநூறு அவரிடமும் இல்லை.

உரசியது நான்தான்.
சந்தைக்குப் பக்கத்தில், பெருநாளுக்கு முந்தின நெரிசல்.
பின்னால் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
ஒதுங்கினேன்.
கல் விளிம்பு கடித்த சத்தம்
இன்னும் என் கடைவாயில் இருக்கிறது.

முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு.
பிரேக் தூள் மைபோலக் கரைந்து
சாக்கடையைத் தானே தேடிப் போனது.
பிறகு உப்புத்தாள்:
நூற்றிருபது, இருநூற்று நாற்பது, நானூறு.
எண் ஏற ஏறக் கோபம் குறைகிற காகிதம்.

வெள்ளிப் பூச்சுக்கு அடியில் கறுப்பு.
கறுப்புக்கு அடியில்,
நம்பவே முடியவில்லை,
தங்கம்.

"ஒரே ஓனர்தான் தங்கச்சி, ரிட்டயர்டான டீச்சர்,
கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க"
என்று சத்தியம் செய்து விற்றான் தரகன்.
டீச்சர் தங்க ரிம் போட்டு
எந்தக் கோயிலுக்குப் போனாரோ,
எத்தனை மணிக்குப் போனாரோ.

அந்தத் தங்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.
காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்த அவசரம்
வளையம் வளையமாய் அப்படியே உறைந்திருந்தது.
பொறுத்திருக்கலாம் டீச்சர்.
ரேகைமேல் பிரைமர் ஒட்டாது.
நாலே இழுப்பு. போயிற்று.

டயருக்கும் ரிம்முக்கும் இடையில் செருகப்
பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன்.
கெட்டி அட்டை, வளைந்துகொடுக்கும்.
சுற்றிலும் பதினாறு ஜோடிகள்
பாதிப் பெயரோடு நீட்டி நின்றார்கள்.
அதில் இருவர் பிரிந்தது எனக்குத் தெரியும்.
அவர்கள் அட்டைதான் நன்றாக இறுகியது.

நேப்பாளக் காவலாளி துல்பிரசாத் வந்தார்.
நாற்றம் நாலாம் மாடிவரை ஏறுகிறதாம்.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.
குந்தி உட்கார்ந்து
"இன்னும் ஒரு கோட்டிங் வேணும்" என்றார்.

கிட்டே அடித்தால் வழியும்,
எட்டி அடித்தால் பொரிபொரியாய் விழும்.
ஒரு சாணுக்குச் சற்று மேலே
கையை நிறுத்தாமல் கோலப்பொடி விடுகிற வேகம்.
கொடிமலை உச்சி மறைந்துகொண்டிருந்தது.
அந்த ஈரம் கீழே வந்தால்
கிளியர் பால் திரிந்ததுபோல் வெளுத்துவிடும்.
கடைசிக் கோட்டை மூச்சைப் பிடித்து அடித்தேன்.

பளபளத்தது.
ஒரு நிமிடம்,
முழுதாய் ஒரு நிமிடம்,
குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அப்போது வந்து உட்கார்ந்தது கொசு.

இத்தனை மாடி, இத்தனை கார்,
இத்தனை ரத்தம் இருக்கும் ஊரில்
அதற்கு என் ஈரமான வார்னிஷ்தான் கிடைத்தது.
புருவ இடுக்கியால் தூக்கினேன்.
கொசு வந்தது. ஒரு கால் வரவில்லை.

துல்பிரசாத் என்னைப் பார்த்தார்.
நான் மணியைப் பார்த்தேன்.
மழை விழ ஆரம்பித்தது.

இன்றிரவு மறுபடி ஷிஃப்ட்.
ஈரச் சாலையில் வீரா ஓடுகிறது,
யார் பார்த்தாலும் புது ரிம் என்பார்கள்.
ஆறாவது ஆரத்தில்,
வால்வுக்கு இரண்டு விரல் தள்ளி
அந்தக் கால்.
சுற்றுக்கு ஒருமுறை
தரையில் ஊன்றப் போகிறது,
ஊன்றாமல் மேலேறுகிறது.

சிவப்புத் தட்டு என் சட்டைப் பைக்குள் அடங்காது.
சிக்னலில் நிற்கும்போது மட்டும்
அது எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று
யோசித்துக்கொள்கிறேன்.