பிந்தி வந்த ரயில்

எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம்.
அதற்கப்பால் கடல்.
இரண்டையும் பார்த்தபடி, மூன்றாம் மாடியில்,
என் சொக்லேட் கிண்ணம்.

ரயில் வருவது முதலில் அதற்குத்தான் தெரியும்.
உருகிய கறுப்பின் நடுவில் ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொன்று,
யாரோ அடியிலிருந்து கூப்பிடுவதுபோல.
பிறகுதான் ஜன்னல் கம்பி அதிரும்.
பிறகுதான் ஹோர்ன்.

ஆகவே நான் மணிக்கூடு பார்ப்பதில்லை.
அளுத்கம வண்டி போனபிறகே
கேக்கை ஒவனுக்குள் வைப்பேன்.
எழும்பும் நேரத்தில் அதிர்ந்தால்
நடுவில் குழி விழும்,
வெள்ளவத்தையில்
மாநகரசபை வெட்டாத ஒரே குழி.

கொக்கோ புறக்கோட்டையிலிருந்து.
மண்ணிறப் பையில், ரசீது இல்லாமல்.
"ஒறிஜினல் மிஸ்" என்று சிப்லி நாநா சத்தியம் செய்வார்.
கொதிக்கும் கோப்பியை அதன்மேல் ஊற்றினால்
பொய் மேலே மிதக்கும்.

கிறீம் ஓரத்தில் மட்டும் முணுமுணுக்க வேண்டும்.
பேசத் தொடங்கினால் பிழைத்தது.
நறுக்கிய சொக்லேட்டின்மேல் அதை ஊற்றிவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
கிளறுவது சுகம்.
கிளறாமல் நிற்பதுதான் பாடு.
பிறகு நடுவிலிருந்து, ஒரே பக்கமாக,
சின்ன வட்டம், பெரிய வட்டம்.
ஒரு சொட்டு வேர்வை விழுந்தால்
கிண்ணம் முழுக்க மணல்.
ஏப்ரலில், கொழும்பில்!
நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு
டெனிஸ்காரிபோல நிற்கிறேன்.

இனி உண்மையைச் சொல்ல வேண்டும்.
இரண்டு வருடமாக
இதில் ஒரு துளி நான் சாப்பிட்டதில்லை.
இரத்தச் சோதனைத் துண்டில்
இருநூற்றுப் பதினெட்டு என்று வந்த அன்று
டொக்டர் பாமினி பேனையால் ஒரு வட்டம் போட்டார்,
அதைச் சுற்றி இன்னொன்று.

ருசி பார்க்க ஆள் வைத்திருக்கிறேன்.
இரண்டாம் மாடி ஷஹீல், எட்டு வயது.
எதைக் கொடுத்தாலும் "சுப்பர்".
சீனி போட மறந்ததும் சுப்பர்.
வேலையால் நிற்பாட்டியாயிற்று,
இருந்தும் வருகிறான்.

எதிர்வீட்டு ரொஷானிக்கு நல்ல நாக்கு.
கண்ணை மூடுவாள். கரண்டி வாய்க்குள்ளேயே நிற்கும்.
இறங்குகிறதா என்று
நான் அவள் தொண்டையையே பார்த்திருப்பேன்.
"உப்பு" என்பாள். ஒரு சிட்டிகை போடுவேன்.
திரும்பவும் தொண்டை.
"ஷோக்."
அந்த ஒரு சொல்லைத்தான் இரண்டு வருடமாகச்
சாப்பிட்டு வருகிறேன்.

இன்று அவள் மாத்தறையில், யாருக்கோ கல்யாணம்.
இன்று ஓடர் கேக் அல்ல, பை.
"பையையா சாப்பிடப் போகினம்?"
ஷஹீலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
மாரி பிஸ்கட் தூளில் உருக்கிய பட்டர்,
தம்ளரின் அடியால் அமத்தி, ஓரம் ஏற்றி,
குளிர்பெட்டியில் இறுகவிட்டு
இப்போது ஊற்றுகிறேன்.
தடிப்பாக, அவசரமில்லாமல்,
தன்மேலே தானே மடிந்து மடிந்து விழுகிறது.
கீழே ஓட்டோ நிற்கிறது.
பம்பலப்பிட்டியில் ஆறரைக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

கணக்கில் வராத ரயில் அது.
நாலரைக்கு வரவேண்டியது, பிந்திவிட்டது.
கிண்ணத்தில் வட்டம்,
கை ஆடியது,
மணிக்கட்டில் ஒரு சொட்டு.
ஒரு ரூபாய்க் குற்றியளவு. சூடு.

துவாய் நெற்றியில்.
தண்ணீர்க்குழாய் இரண்டு அடி தூரம்.

நக்கினேன்.

முதலில் உப்பு, அது என்னுடையது.
பிறகு கசப்பு.
அதன்பிறகு மெதுவாக,
கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற சொந்தக்காரர்போல,
மற்றது.
அடி பாவி ரொஷானி,
ஷோக் என்றால் இவ்வளவா?
இவ்வளவு நன்றாகவா செய்கிறேன்?

ஓட்டோக்காரரின் மடியில் பை போய்ச் சேர்ந்தது.
அதன்பிறகு
கிண்ணத்தின் ஓரம்.
கரண்டியின் முதுகு.
ஷஹீலுக்கென்று எடுத்துவைத்த சின்னத் தட்டு.

செவ்வாய்க்கிழமை டொக்டர் துண்டைப் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"என்ன நடந்தது?"
"ரயில் ஒன்று பிந்திவிட்டது, டொக்டர்."

பேனை எண்ணுக்கு மேல் நின்றது.
"எந்த ரயில்?" என்றார்.