நாலாவது நிரல்

பரந்தன் சந்தியில் உரக்கடைக்கு மேலே எங்கள் அறை.
யூரியா மணக்கும் வெள்ளைப் பலகையில்
தவரூபி கோடு கிழிக்கிறாள்.
பள்ளிக்கூடத்தில் நிரல் என்றால் மேலிருந்து கீழ்.
இங்கே நிரல் என்றால்
மூன்று வருசமாக நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது.
ஆரும் எடுத்து விளையாட்டுச் செய்யலாம், காசில்லை.
பெயர் வீரை.

வீரையில் செய்த விளையாட்டு
இனி எந்தப் பெட்டியில் ஓடவேண்டும்?
இன்றிரவுக்குள் ஒன்று.
இரண்டுக்கு ஆளில்லை.
மூன்றைப் பற்றிக் கதைக்கவே கூடாது.

முதல் நிரல் பிளேஸ்டேஷன்.
உருவாக்குவோருக்கான பெட்டிக்கு
ஆரோ சொன்ன விலையை ரூபாயாக்கிப் பார்த்த கஜரூபன்
"பழைய லாண்ட்மாஸ்டர் ஒண்டு எடுக்கலாம்" என்றான்.
பிறகு, "பெட்டியோட."

இரண்டாவது எக்ஸ்பாக்ஸ்.
"வன்னியில ஆரிட்டை இருக்கு?"
ஆளையாள் பார்த்தோம்.
வவுனியாவில் ஒரு பல்வைத்தியரின் மகனிடம்
இருப்பதாகக் கேள்வி.
வன்னியை ஏன் பார்க்கவேண்டும் என்றேன் நான்.
வீரையை இறக்கியவர் பட்டியலில் பிரேசில் முன்னுக்கு நிற்கிறது.
மல்லாவி, ஒன்று.
அந்த ஒன்றும் கஜரூபனின் மச்சாள்.

மூன்றாவது ஸ்விட்ச்.
படிவம் வீதி இலக்கம் கேட்டது.
இல்லை என்றால் அடுத்த பக்கம் திறவாது.
கடையின் கரண்ட் பில்லில் இருந்து
ஓர் எண்ணைக் கடன் வாங்கினோம்.
பிறகு ஒப்பந்தம், பக்கம் பக்கமாக.
உள்ளே இருப்பதை எவருக்கும் சொல்லக்கூடாது.
கண்டதைச் சொல்லக்கூடாது.
கண்டேன் என்பதையும் சொல்லக்கூடாது.
தவரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"வாய் திறக்காமல் இருக்கத் தெரியுமோ எண்டு
எங்களிட்டைக் கேக்கினம்."
சிரித்து முடிந்தபின்
கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் பறையவில்லை.
கீழே ஆரோ மூட்டை எறிகிற சத்தம்.

வீரைக்குப் பூட்டில்லை, அதுதான் எங்கள் பெருமை.
பெட்டிக்காரரின் துண்டை மட்டும் பூட்டவேண்டும்.
வீடு முழுக்கத் திறந்து கிடக்க
அலுமாரியைப் பூட்டுவதா என்று இழுத்தேன்.
"அலுமாரி வைச்சிருக்கிற வீடெல்லாம் அப்பிடித்தான்."
கஜரூபனுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும்,
வாடகைக்குத் தவிர.

ஐந்தரைக்கு அமலதாஸ் வந்தான்.
கீழே பில் எழுதுகிறவன், எங்கள் சோதனைக்காரன்.
ஓடிக்கொண்டே பாயவேண்டிய மூன்றாம் கட்டத்தை
இரண்டு கையாலும் நான் இன்னும் கடக்கவில்லை.
பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி
இடது பெருவிரலாலும்
நாடியாலும் அவன் கடப்பான்.
வலது சட்டைக் கை மடித்து ஊசி குத்தியிருக்கும்.
அதைப் பற்றி அவனும் சொன்னதில்லை,
நாங்களும் ஒப்பந்தம் எதுவும் எழுதியதில்லை.

பலகையை மேலிருந்து கீழ் வாசித்தான்.
"இதுகளில எது பொத்தானை மாத்தி வைக்க விடும்?"

விலை பார்த்திருந்தோம், சுங்கம் பார்த்திருந்தோம்,
எந்த நாட்டில் எத்தனை பேர் என்று பார்த்திருந்தோம்.
தவரூபி பேசாமல் நாலாவது கோட்டைக் கிழித்தாள்.
கோடு வளைந்துவிட்டது.

"பெட்டியை விடுங்கோ. உங்கட வீரை விடுமோ?"

விடாது.
பாய்வதற்கு ஒரு பொத்தான்.
அதை அங்கேயே அடித்து இறுக்கி வைத்தவள் நான்தான்,
முதல் வருசம், ஒரு மழை நாள், அவசரத்தில்.

ஸ்விட்சின் பிடி இரண்டாய்க் கழன்று வரும்,
ஒரு பாதி ஒரு கைக்குள் அடங்கும்.
படத்தைப் பெருப்பித்துப் பார்த்து அவன்தான் சொன்னான்.
அதையே எடுத்தோம்.
அமலதாசுக்காக என்று சொன்னால் வடிவாய் இருக்கும்.
அரைவாசி, காசு.
விண்ணப்பத்துக்குப் பதில் எப்ப வரும் என்றும் தெரியாது.
அதுவரை நான்
ஒரு பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

நாலாவது நிரலுக்குத் தலைப்பு வராமல்
தவரூபி அவன் பெயரை எழுதியிருந்தாள்.
மடித்த சட்டைக் கையால் அதை அழித்தான்.
பேனையை வாங்கி
இடக்கையால், பில் எழுதும் எழுத்தில்,
'பொத்தான்' என்று எழுதினான்.
ஷட்டர் இழுக்கக் கீழே போய்விட்டான்.